கல் நிற்கும்போது தாளுக்கு ஏன் இத்தனை சண்டை? கொரியக் கல்வெட்டுகளும் மைப்படிகளும்

கேள்வி இதுதான்: கொரியாவின் பழங்கல்வெட்டுகளில் பல இன்னும் கண்ணெதிரே நிற்கின்றன. அப்படியிருக்க ஆய்வாளர்கள் கல்லை விட்டுவிட்டு நூறு, இருநூறு வருடத்துக்கு முந்தைய கறுத்த தாள்களை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்டுகிறார்கள்? ஸ்கேனரை வைத்துக் கல்லையே படித்துவிடக் கூடாதா?

நியாயமான கேள்வி. சுருக்கமான பதில், இன்று நிற்கும் கல்லில் அன்று இருந்த எழுத்தெல்லாம் இல்லை என்பது. சில கற்களில் எழுத்து உதிர்ந்துவிட்டது, சிலவற்றில் மனிதர்கள் கைவைத்துவிட்டார்கள், சில கற்களே காணாமல் போய்விட்டன. ஒவ்வொரு மைப்படியும், அதாவது கல்மேல் தாளை ஒட்டி மையால் ஒற்றி எடுத்த பிரதியும், அந்தக் கல் ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் எந்தச் சாட்சியையும் போல அதையும் குறுக்கு விசாரணை செய்துதான் நம்ப வேண்டும். கொரியக் கல்வெட்டியலில் பாதி வேலை அந்த விசாரணைதான் என்று எனக்குப் படுகிறது.

முதலில் மைப்படி எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் பிற்பாடு வரும் வழக்குகள் புரியும். கொரிய மொழியில் இதற்குத் தக்பொன் என்று பெயர். கல்லைப் பாசி, மண் போகச் சுத்தம் செய்து, ஹான்ஜி என்ற மரப்பட்டை நார்த்தாளை அதன்மேல் விரித்து, தண்ணீர் தெளித்து, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். தாள் முக்கால்வாசி காய்ந்து ஈரம் லேசாக இருக்கும்போது, துணியில் கட்டிய பஞ்சுப் பொதியில் மையைத் தொட்டு ஒற்றிக்கொண்டே போவார்கள். மேடான இடமெல்லாம் கறுக்கும், பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஆனால் ஈரம் கூடிவிட்டால் மை கசிந்து எழுத்துக்குள் இறங்கிவிடும், ஈரம் குறைந்தால் தாள் கல்லை விட்டுக் கிளம்பிவிடும், மை கனமாக ஒற்றினால் மெல்லிய கோடு மறைந்துபோகும், லேசாக ஒற்றினால் கல்லின் வெடிப்பும் எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். ஒரே கல்லில் ஒரே நாளில் இருவர் எடுத்த படிகள்கூட ஒன்றுபோல இருக்காது. கேமரா படம் மாதிரி இதை நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மைப்படியில் கல்லோடு சேர்த்து ஒரு மனிதரின் கையும் பதிந்திருக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், கொரியாவின் பழைய மூன்று அரசுகளான கோகுர்யோ, பெக்ஜே, சில்லா பற்றி இன்று கையில் இருக்கும் முக்கியமான கொரிய வரலாற்று நூலான சம்குக் சாகி தொகுக்கப்பட்டது 1145-இல். அது பேசும் மன்னர்கள் பலருக்கும் அதற்கும் இடையில் 600, 700 வருட இடைவெளி. அந்த மன்னர்கள் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருப்பவை பெரும்பாலும் கற்கள்தான். ஒரு எழுத்து மாறினால் ஒரு வருடம் மாறும், ஒரு போரில் யார் யாரை அடித்தார்கள் என்பதே மாறும்.

அப்படி மாறிய வழக்குதான் க்வாங்கெதோ மன்னரின் கல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மைப்படி ஆய்வின் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கல்லில் இருக்கிறது. கோகுர்யோவின் க்வாங்கெதோ மன்னருக்கு அவர் மகன் ஜாங்சு 414-இல் நிறுத்தியது. இன்று சீனாவின் ஜிலின் மாகாணத்தில் ஜியான் என்ற ஊரில் நிற்கிறது, உயரம் 6.39 மீட்டர், நான்கு பக்கமும் சீன எழுத்து, மொத்தம் 44 வரிகளில் 1,775 எழுத்துகள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மன்னர் 64 கோட்டைகளையும் 1,400 ஊர்களையும் பிடித்தார் என்று அது சொல்கிறது. அதே அளவு அக்கறையோடு, கல்லறையைக் காக்க 330 குடும்பங்களை எந்தெந்த ஊரிலிருந்து அழைத்து வந்தார்கள் என்றும் ஊர் ஊராகப் பட்டியல் போடுகிறது. போர்ப் பகுதியைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள், எனக்கு அந்தக் காவல் குடும்பங்களின் பட்டியல்தான் அதிகம் பிடிக்கும். ஒரு அரசு தன் ஆட்களை எப்படிக் கணக்கு வைத்தது என்பது அதில் தெரிகிறது.

இவ்வளவு பெரிய கல்லை நூற்றாண்டுகளாக யாரும் சரியாகப் படிக்கவில்லை. பிற்கால ஜோசொன் அரச வம்சத்தின் காலத்துக் கொரியர்களுக்கு எல்லை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய கல் நிற்பது தெரியும், ஆனால் அது ஜுர்சென்களின் ஜின் வம்சத்துப் பேரரசர் ஒருவருடையது என்று நினைத்துக்கொண்டார்கள். சீனாவின் சிங் அரசு அந்தப் பகுதியில் குடியேற நெடுங்காலம் தடை விதித்திருந்தது. தடை தளர்ந்து ஆட்கள் வந்த பிறகு, 1870-களின் கடைசியை ஒட்டித்தான் கல் மறுபடி கவனத்துக்கு வந்தது. வந்ததும் முதல் விபத்து நடந்தது. கல் முழுக்கப் பாசியும் கொடியும். அதை நீக்க மாட்டுச் சாணத்தைப் பூசிக் காயவிட்டுத் தீ வைத்தார்கள். பாசி போயிற்று, கூடவே கல் வெடித்துச் சில இடங்களில் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. அந்த இடங்களில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு எரிப்பதற்கு முந்தைய நல்ல மைப்படி ஒன்றும் நம்மிடம் இல்லை.

அடுத்தது இரண்டாவது சிக்கல். ஆரம்ப காலப் பிரதிகள் அசல் மைப்படிகளே அல்ல. கல் கரடுமுரடு, நேராக ஒற்றி எடுத்தால் எழுத்து தெளிவாக விழாது. அதனால் தாளில் எழுத்தின் வெளிக்கோட்டை வரைந்துகொண்டு, எழுத்தைச் சுற்றியுள்ள இடத்தை மையால் நிரப்பிவிடுவார்கள். பார்க்க மைப்படி மாதிரியே இருக்கும், உண்மையில் அது ஒருவர் படித்துப் புரிந்துகொண்டதன் ஓவியம். அவர் ஒரு எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால், அந்தத் தவறு சுத்தமான வெள்ளை எழுத்தாக நம் முன்னால் வந்து நிற்கும். சாகோ என்ற ஜப்பானிய ராணுவ அதிகாரி 1883-இல் இப்படி ஒரு பிரதியைத்தான் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களாக இருந்ததை அங்கே ஒட்டி வரிசைப்படுத்தி, 1889-இல் அதை வைத்து முதல் ஆய்வுகளை வெளியிட்டார்கள்.

அந்தப் பிரதியில் ஒரு வாக்கியம். சின்ம்யோ வருடம், அதாவது 391. "வா மக்கள் சின்ம்யோ வருடத்தில் வந்து கடலைக் கடந்து பெக்ஜேயையும் ... சில்லாவையும் உடைத்துக் குடிமக்கள் ஆக்கினார்கள்" என்று ஜப்பானியர்கள் படித்தார்கள். வா என்றால் அன்றைய ஜப்பான் தீவுகளின் மக்கள். நடுவில் ஓரிரு எழுத்து அழிந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டிலேயே ஜப்பான் கொரியாவின் தென்பகுதியை ஆண்டது என்று சொல்ல இந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்கள், அதுவும் கொரியாவை ஜப்பான் விழுங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில். கொரிய அறிஞர் ஜோங் இன்-போ இதை வேறு மாதிரி படித்தார். மூலத்தில் நிறுத்தற்குறி கிடையாது, எழுவாயும் வெளிப்படையாக இல்லை, அதனால் கடலைக் கடந்து அடித்தது கோகுர்யோதான், அடிவாங்கியவர்கள்தான் வா மக்கள் என்றார். இது மன்னரின் புகழைச் சொல்லும் கல், எதிரியின் வெற்றியை ஏன் கொண்டாட வேண்டும் என்ற அவருடைய தர்க்கத்தில் பலம் இருக்கிறது.

அப்புறம் 1972-இல் ஜப்பானில் வாழ்ந்த கொரிய அறிஞர் லீ ஜின்-ஹீ ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஜப்பானிய ராணுவமே கல்லில் சுண்ணாம்பு பூசி எழுத்துகளை மாற்றியது, சாகோவின் பிரதியே மோசடி, அதை மறைக்கத்தான் பின்னால் சுண்ணாம்பு அடித்தார்கள் என்பது அவர் வாதம். உணர்ச்சிபூர்வமாக இதை நம்பத் தோன்றும், கொரியாவில் நிறையப் பேர் நம்பினார்கள். நானும் ஆரம்பத்தில் இதைத்தான் உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மைப்படிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியபோது கதை வேறு மாதிரி வந்தது. கல்லில் சுண்ணாம்பு இருந்தது உண்மை. அதைப் பூசியவர்கள் கல்லுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து மைப்படி எடுத்து விற்றுப் பிழைத்த சு தியான்ஃபு, அவர் மகன் சு ஜுன்தெ. பெய்ஜிங்கில் இந்தக் கல்லின் படிகளுக்கு நல்ல கிராக்கி. வாங்குபவர்களுக்குத் தெளிவான எழுத்து வேண்டும், கல்லோ குண்டும் குழியும். குழிகளைச் சுண்ணாம்பால் மட்டமாக்கி, எழுத்தின் ஓரங்களைச் சீர்செய்து, சில இடங்களில் தாங்கள் வைத்திருந்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுத்தையே வடித்துவிட்டார்கள். 1980-களில் சீன ஆய்வாளர் வாங் ஜியன்சுன் அந்த ஊருக்கே போய் விசாரித்து இதை எழுதினார். பிறகு ஷு ஜியன்ஷின் 1881-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். அது சாகோ அங்கே போவதற்கு முன்பே சீனர்கள் கையால் செய்யப்பட்டது, சாகோவின் பிரதியும் அதே வழியில் வந்தது என்று காட்டினார். ராணுவச் சதி என்ற வாதம் அதோடு பெரிதும் விழுந்துவிட்டது. சாகோ கொண்டுபோன தாளை வைத்து ஜப்பானில் கட்டிய வரலாறு தவறு, ஆனால் அந்தத் தாளை அவர் திருத்தவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லும்போது இரண்டு நாட்டுக்காரர்களும் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் ஆதாரம் அப்படித்தான் இருக்கிறது.

இதனால்தான் சுண்ணாம்புக்கு முந்தைய, கல்லில் நேரடியாக ஒற்றி எடுத்த மைப்படிகளுக்கு அவ்வளவு மதிப்பு. அவற்றை "மூலக்கல் மைப்படி" என்று தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். பெரும்பாலும் 1880-களின் கடைசியில் எடுத்தவை, உலகம் முழுக்கத் தேடினாலும் மிகச் சிலதான். ஜப்பானிய ஆய்வாளர் தகேதா யுகியோ போன்றவர்கள் ஒவ்வொரு படியிலும் மை படாமல் விட்ட இடங்கள், கல்லின் வெடிப்பு எங்கே எவ்வளவு நீண்டிருக்கிறது, தாளை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒப்பிட்டு எது முந்தியது எது பிந்தியது என்று அடுக்கினார்கள். ஒரு வெடிப்பு ஒரு படியில் குட்டையாகவும் இன்னொன்றில் நீளமாகவும் இருந்தால் குட்டையானதுதான் முந்தியது. ஒரு படியில் தெளிவில்லாத எழுத்து பிந்திய படியில் திடீரென்று பளிச்சென்று வந்தால், அது சுண்ணாம்பின் வேலை. கல் வயதாக ஆகத் தெளிவாகாது. இந்த எளிய விதியை வைத்து எத்தனையோ "சர்ச்சைக்குரிய" எழுத்துகளைத் தள்ளிவிட முடிந்திருக்கிறது.

சரி, இவ்வளவு சண்டைக்கு முன்னாலேயே கொரியாவில் இதை ஒரு கறாரான கல்வியாக நடத்திக் காட்டியவர் ஒருவர் உண்டு, கிம் ஜோங்-ஹீ. 1786-இல் பிறந்தவர், சூசா என்ற பெயரில் எழுத்துக் கலைஞராகத்தான் அதிகம் தெரியும். இருபத்து நான்கு வயதில் பெய்ஜிங் போய் வெங் ஃபாங்காங், ருவான் யுவான் என்ற பெரிய அறிஞர்களைச் சந்தித்தார். கல்லிலும் உலோகத்திலும் உள்ள எழுத்தை வைத்துப் பழைய நூல்களைச் சரிபார்க்கும் முறையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். சியோலுக்கு வடக்கே புகான்சான் மலையில் பிபோங் என்ற பாறை உச்சியில் ஒரு கல் நின்றது. அது முஹாக் என்ற துறவியின் கல் என்று ஊரில் ஒரு கதை. 1816 கோடையில் கிம் ஒரு நண்பரோடு ஏறிப் பார்த்தார். பாசி மூடி எழுத்தே இல்லாதது போலிருந்தது. கையால் தடவியபோது விரலில் எழுத்து உருவம் தட்டுப்பட்டது. தாளை விரித்து மைப்படி எடுத்தார், வடக்கே ஹ்வாங்சோ கணவாயில் இருந்த சில்லா மன்னர் ஜின்ஹுங்கின் கல்லோடு அமைப்பு ஒத்துப்போயிற்று. முதல் வரியில் "ஜின்" என்ற எழுத்து தேய்ந்திருந்தது, திரும்பத் திரும்பப் படி எடுத்துப் பார்த்துத்தான் அது ஜின் என்று உறுதி செய்தார். அடுத்த வருடம் ஜோ இன்-யோங் என்ற நண்பரோடு மறுபடி ஏறி, மிஞ்சிய 68 எழுத்துகளை முடிவு செய்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்தது. எழுத்தைப் படித்ததோடு நிற்கவில்லை. கல்லில் தேதி போய்விட்டது, ஆனால் "நம்சொன்" என்ற இடப்பெயர் இருக்கிறது. சம்குக் சாகியில் 568-இல்தான் புகான்சான் மாவட்டத்தை நீக்கி நம்சொன் மாவட்டத்தை ஏற்படுத்தினார்கள் என்று இருக்கிறது. அப்படியானால் கல் 568-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதே போல ஜின்ஹுங் என்பது மன்னர் இறந்த பிறகு வைத்த பெயர் என்று எல்லாரும் நினைத்திருக்க, உயிரோடு இருந்தபோதே அந்தப் பெயர் வழங்கியிருக்கிறது என்று கற்களை வைத்து நிறுவினார். கல்லை நூலால் சோதிக்கிறார், நூலைக் கல்லால் திருத்துகிறார். 1817-இல் செய்த வேலை இது. தான் வந்து படித்ததைக் கல்லின் பக்கவாட்டிலேயே வெட்டி வைத்துவிட்டார் என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. இன்று யாராவது செய்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். ஆனாலும் 1972-இல் மலையிலிருந்து இறக்கி, இப்போது சியோல் யோங்சானில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லைப் பார்க்கும்போது, ஜின்ஹுங்கின் எழுத்தை விட கிம்மின் எழுத்துதான் முதலில் கண்ணில் படுகிறது. கொரியப் போரின் குண்டு பட்ட தழும்புகளும் கல்லில் இருக்கின்றன.

கல்லே போய்த் தாள் மட்டும் நின்ற கதைக்கு முன்மு மன்னரின் கல்லைச் சொல்ல வேண்டும். மூன்று அரசுகளையும் ஒன்றாக்கிய சில்லா மன்னர், 681-இல் இறந்தார். சில்லாவின் தலைநகராக இருந்த கியோங்ஜுவில் நின்ற அவர் கல்லின் உடைந்த துண்டுகள் 1790-களில் வயலில் கிடைத்தன, ஹோங் யாங்-ஹோ என்ற அறிஞர் அதைப் பற்றி எழுதிவைத்தார், கிம் ஜோங்-ஹீயும் பின்னர் பார்த்தார். அதற்குப் பிறகு துண்டுகள் காணாமல் போயின. ஆனால் மைப்படிகள் பெய்ஜிங்கில் லியூ ஷிஹாய் என்ற சீன சேகரிப்பாளர் கைக்குப் போயிருந்தன. கொரிய நண்பர்கள் அனுப்பிய படிகளை வைத்து அவர் தொகுத்த நூலில் இந்தக் கல்லின் வாசகமும் ஏறியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தாள் வழியாகத்தான் உலகம் இந்தக் கல்லைப் படித்தது. 1961-இல் கீழ்த்துண்டு கியோங்ஜுவில் ஒரு வீட்டில் கிடைத்தது. மேல்துண்டு 2009-இல் இன்னொரு வீட்டு முற்றத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பதித்திருந்ததைத் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் கவனித்துச் சொன்னார். துணி துவைக்கும் இடத்தில் ஒரு மன்னர். எழுத்து நிறையத் தேய்ந்திருந்தது. அது எந்தக் கல் என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தப் பழைய படிகள்தான்.

மைப்படிகள் ஏமாற்றும் இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். பழைய சேகரிப்பாளர்கள் பலருக்கு வரலாறு இரண்டாம்பட்சம், எழுத்தின் அழகுதான் முதல். அதனால் பெரிய மைப்படியை வரி வரியாக வெட்டி ஏடு போலத் தைத்து வைத்துக்கொள்வார்கள். வெட்டும்போது அழிந்த இடங்களின் வெற்று இடம் கழிந்துவிடும், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை எழுத்து போயிருக்கிறது என்பதே தெரியாது. 17-ஆம் நூற்றாண்டில் ஜோசொன் அரச குடும்பத்தைச் சேர்ந்த யீ ஊ தொகுத்த தேதோங் கும்சொக்சொ விலைமதிப்பில்லாத மைப்படித் தொகுப்பு, ஆனால் அதிலும் பல கற்களிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான். அழகுக்கான ஆசை கல்லையும் விடவில்லை. சம்குக் யூசா என்ற பழங்கதை, வரலாற்றுத் தொகுப்பை எழுதிய துறவி இல்யோனுக்கு 1295-இல் இன்காக்சா கோயிலில் நிறுத்திய கல், சீன எழுத்துக் கலையின் தலைமகன் வாங் ஷிஜியின் எழுத்துகளைத் தேடிச் சேர்த்து வெட்டியது. அந்தப் புகழாலேயே ஆளாளுக்கு மைப்படி எடுத்தெடுத்து, அதுவும் ஒரு காரணமாகக் கல் உருக்குலைந்தது. பிறகு வாசகத்தை மீட்டதும் அப்படி எடுத்த படிகளை வைத்துத்தான். அடிக்கடி எடுத்தால் கல் சாகும், எடுக்காவிட்டால் எழுத்து சாகும். இதற்கு நல்ல விடை எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் இல்லை.

இதெல்லாம் பெரிய மன்னர்களின் விவகாரம். சின்னக் கற்கள் சொல்வது சில நேரம் இன்னும் சுவையானது. 1934-இல் கியோங்ஜுவில் கிடைத்த ஒரு கல், ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், 74 எழுத்துகள். இரண்டு இளைஞர்கள் மூன்று வருடம் நேர்மையாக நடப்போம், இன்னின்ன சீன நூல்களைக் கற்போம் என்று வானத்தின் முன் செய்த சத்தியம். எழுத்து முழுக்கச் சீனம், ஆனால் சொல் வரிசை கொரியம்: "வானத்தின் முன் சத்தியம் செய்கிறோம்" என்று நாம் சொல்லும் அதே வரிசை, வினை கடைசியில். சீனத்தில் வினை முன்னால் வர வேண்டும். அந்தப் பையன்களுக்குத் தங்கள் மொழியில் யோசித்து அடுத்தவர் எழுத்தில் எழுத வேண்டியிருந்தது, அந்தச் சிரமம் கல்லில் அப்படியே நிற்கிறது. வருடம் 552-ஆ 612-ஆ என்று இன்னும் வாதாடுகிறார்கள், ஏனென்றால் கல்லில் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் வருடப் பெயர் மட்டும் இருக்கிறது. 1988-இல் உல்ஜின் பகுதி வயலில் கிடைத்த 524-ஆம் ஆண்டுக் கல்லில் தண்டனை 60 அடி, 100 அடி என்று எண்ணிக்கையோடு இருக்கிறது. 520-இல் சில்லா சட்டம் இயற்றியது என்று சம்குக் சாகி ஒரு வரியில் சொல்வதைப் பலர் சந்தேகப்பட்டார்கள், இந்தக் கல் வந்த பிறகு அந்தச் சந்தேகத்துக்கு இடம் சுருங்கிவிட்டது.

கடைசியாக ஸ்கேனர். ஆம், உதவுகிறது, நிறையவே. சுங்ஜுவில் 1979-இல் உள்ளூர் ஆர்வலர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்த கல்லை முதலில் சில்லாவுடையது என்று நினைத்தார்கள், மைப்படி எடுத்துப் படித்தபோது கோகுர்யோ மன்னரைக் குறிக்கும் சொற்கள் வந்தன, தென்கொரியாவில் நிற்கும் ஒரே கோகுர்யோ கல் அதுதான் என்று தெரிந்தது. ஆனால் தேதி பிடிபடவில்லை. 2019-இல் பல கோணங்களில் ஒளி பாய்ச்சி எடுத்த படங்களையும் முப்பரிமாண ஸ்கேனையும் வைத்து, மேல் விளிம்பில் "யோங்னாக் 7-ஆம் ஆண்டு" என்று இருப்பதாகச் சிலர் படித்தார்கள். யோங்னாக் என்பது க்வாங்கெதோவின் ஆட்சிக்காலப் பெயர், அதனால் அது சரியானால் வருடம் 397. பலர் இன்னும் ஏற்கவில்லை, காரணம் அதே பழைய காரணம்: ஒளியின் கோணத்தை மாற்றினால் வெடிப்பும் கோடாகத் தெரியும், ஆசை இருந்தால் கோடு எழுத்தாகத் தெரியும். அங்கே விவாதிப்பவர்கள் ஸ்கேன் படத்தையும் 1979 முதல் எடுத்த மைப்படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். ஸ்கேனர் இன்று கல்லில் மிஞ்சியிருப்பதைப் படிக்கும். ஜியானில் சாணத் தீயில் உதிர்ந்த சில்லையும், 1890-களுக்குப் பிறகு சுண்ணாம்புக்கு அடியில் போன கோட்டையும் தேட வேண்டுமென்றால், 1880-களில் யாரோ ஒருவர் ஏணி கட்டி ஏறி ஒற்றிய தாளைத்தான் விரிக்க வேண்டும்.